காபியில் மாத்திரை, பாலக்காட்டில் பெண்

வாசகர் கடிதம்:

அக்காவுக்கு வணக்கமுங்க. எங்களுக்கு வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் கிராமம். எட்டுத் தறி ஓடுது, கொஞ்சம் தோட்டமும் இருக்குது. எனக்கு நாலு வயசில் ஒரு பையன். என் கொழுந்தனாருக்கு 26 வயசு. கோயமுத்தூரில் இன்ஜினியரிங் முடிச்சு வேலையில் இருந்தவர், போன ஆடியில் வேலையை விட்டுட்டு வந்துட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க நம்ம தறிக்குடோனில் கேமரா வெச்சிருக்காங்க என்கிறார். போன் கேமரா மேலே பிளாஸ்திரி ஒட்டி வெச்சிருக்கார். ராத்திரி தூங்காமல் குடோனைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார், தனியாகப் பேசுகிறார். செய்வினை என்று மந்திரிச்சோம், கோயிலில் பூ கேட்டோம், குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வெச்சோம். அப்புறம் தனியார் டாக்டரிடம் காட்டி, மூணு மாசத்தில் நல்லா ஆனார். சரியாகிருச்சுன்னு மாத்திரையை நிறுத்தினோம். தை முடிஞ்சதும் மறுபடி ஆரம்பிச்சிருச்சு. இப்போ மாத்திரை வேண்டாம் என்கிறார். ஒரு நாள் ராத்திரி மாமனார் அவரைக் கட்டிலோடு கட்டிப் போட்டுட்டார். இப்போ பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி, அத்தை கரண்டிக் காம்பால் நுணுக்கித் தருவாங்க. காலைக் காபியில் கலந்து கொடுக்கிறது நான்தான். பாலக்காட்டுப் பக்கம் பொண்ணு பார்த்து ஆவணியில் நிச்சயம் என்கிறாங்க. கல்யாணம் ஆனால் சரியாயிரும், பொண்ணு வீட்டுக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்பது அத்தை பேச்சு. என் வீட்டுக்காரர், ‘என் தம்பி விசயத்துல நீ வாயைத் திறக்காதே’ என்கிறார். எங்க அம்மா வீட்டில்கூட நான் சொல்லலை. காபியில் கலக்கிறது தப்புங்களா? கவர்மெண்டில் ஏதாச்சும் உதவி கிடைக்குமா? என் பையனுக்கும் இது வருமா? பெயர் போட வேண்டாங்க.

அன்புள்ள அம்மிணிக்கு,

காபியில் இருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் கலந்து கொடுப்பது கெட்ட எண்ணத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்து வீடுகளில் இது புதுசும் இல்லை. குழம்பில், மோரில், ராகிக் களியில் வைத்துக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர்களுக்கும் தெரியும். ஆனாலும் இது நிற்க வேண்டும். காரணம் சொல்கிறேன்.

உங்கள் கொழுந்தனாருக்கு இருக்கிற பயமே, தனக்குத் தெரியாமல் தன்னைச் சுற்றி ஏதோ நடக்கிறது என்பதுதான். கேமரா பொய். காபி நிஜம். ஒரு நாள் டம்ளர் அடியில் வெள்ளையாகத் தங்கியிருப்பதை அவர் பார்த்துவிட்டால், அதுவரை நோய் சொன்னதெல்லாம் அவருக்கு உண்மையாகிவிடும். அதற்கப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். சாப்பாட்டையே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் அவர் இன்னும் கொஞ்சம் நம்புகிற ஆள் நீங்கள் என்று கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. அந்த நம்பிக்கை வைத்தியத்துக்கே வேண்டியது. அதைக் காபியில் கரைத்துவிடக் கூடாது.

அளவும் பிரச்சினைதான். அரை டம்ளர் குடித்துவிட்டு வைத்தால் அரை மாத்திரை. சில மாத்திரைகள் உடைக்காமல் விழுங்கவென்றே செய்யப்பட்டவை. பழைய சீட்டை வைத்து வாங்குவதால் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை எதையும் யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்றும் கேட்கிறேன்: உங்கள் பையன் சித்தப்பா டம்ளரில் இருந்து ஒரு வாய் வாங்கிக் குடிக்கிற வயசுதானே? ஒரு பெரிய ஆளைத் தூங்க வைக்கிற மாத்திரை நாலு வயசுக் குழந்தைக்கு ஆபத்து. இது ஒன்றுக்காகவே நீங்கள் அத்தையிடம் பேசலாம். பேரன் பேச்சு என்றால் காது கொடுப்பார்.

அதற்காக நாளைக் காலையே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மருந்து சட்டென்று நின்றால் நிலைமை மோசமாகலாம். இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரிடம், கொழுந்தனார் இல்லாமலே, நீங்களோ உங்கள் கணவரோ போய் இதை அப்படியே சொல்லுங்கள். திட்ட மாட்டார்கள். அவரை எப்படிக் கூட்டி வருவது, அதுவரை என்ன செய்வது, உண்மையை எப்போது, யார் சொல்வது என்று சேர்ந்து முடிவு செய்யலாம். வாயில் வைத்ததும் கரையும் மாத்திரைகள் உண்டு. இரண்டு வாரத்துக்கோ ஒரு மாதத்துக்கோ ஒரு தடவை போட்டுக்கொள்ளும் ஊசியும் உண்டு. ‘தினமும் மாத்திரை முழுங்க முடியாது, ஊசின்னா சரி’ என்று சம்மதிக்கிற பையன்கள் நிறைய.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சொல்லக் கூடாது, சொல்ல மாட்டேன். ஆனால் காரணமில்லாத சந்தேகம், தனிப் பேச்சு, தூக்கம் போனது, மருந்தில் தெளிந்தது, மருந்தை விட்டதும் திரும்பியது எல்லாம் சேர்ந்தால் மனச்சிதைவு வகையைச் சேர்ந்த நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடியது அது. ஆண்களுக்குப் பெரும்பாலும் பதினெட்டு, இருபதில் தொடங்கி முப்பதுக்குள் தலைகாட்டும், அதாவது படிப்பு முடிந்து வேலை, கல்யாணம் என்று வீடு கணக்குப் போடுகிற அதே வயசில். அத்தை வளர்த்த விதத்தால் வந்ததில்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வைத்த செய்வினையும் இல்லை. கஞ்சாப் பழக்கம் இருந்ததா என்று மட்டும் உங்கள் கணவர் அவருடைய கோயமுத்தூர் நண்பர்களிடம் பக்குவமாகக் கேட்கட்டும். மருத்துவர் நிச்சயம் கேட்பார்.

மூன்று மாசத்தில் தெளிந்ததும் மருந்தை நிறுத்தியது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. தெளிவு வந்ததே மருந்தால்தான், உள்ளே நோய் இன்னும் ஆறியிருக்காது. முதல் தடவை வந்தவர்களுக்கே தெளிந்தபின் குறைந்தது ஒன்றிரண்டு வருசம் தொடரச் சொல்வது வழக்கம். திரும்ப வந்தால் இன்னும் நீளும். எப்போது குறைப்பது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

‘மாத்திரை வேண்டாம்’ என்கிறாரே, ஏன் என்று யாராவது கேட்டீர்களா? போன தடவை எடை கூடியிருக்கும். காலையில் எழ முடியாமல் இருந்திருக்கும். கை நடுங்கியிருக்கும், உட்கார முடியாமல் கால் பரபரத்திருக்கும். ஆண்மை சம்பந்தமான தொந்தரவும் சில மருந்துகளில் வரும்; அதை அண்ணியிடமோ அம்மாவிடமோ எந்தப் பையனும் சொல்ல மாட்டான், அதிலும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில். இதெல்லாம் மருந்தையோ அளவையோ மாற்றினால் பெரும்பாலும் சரி செய்யக்கூடியவை. உங்கள் கணவர் அவரோடு பைக்கில் காங்கேயம் போய்வருகிற நேரத்தில் கேட்டால் ஒருவேளை வாயைத் திறப்பார்.

அவரிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மருந்துக்கு அடுத்தபடி இதுதான் வேலை செய்யும். கேமரா இருக்கிறது என்று அவர் சொல்லும்போது, ‘இல்லவே இல்லை, உனக்கு மண்டை கலங்கிருச்சு’ என்று மாமனார் சொல்லியிருப்பார். அத்தை சமாதானமாக, ‘ஆமா சாமி, நாளைக்கு எடுத்துப்போட்டரலாம்’ என்றிருப்பார். இரண்டும் வேண்டாம். வாதாடினால் நீங்களும் எதிராளி ஆவீர்கள். ஒத்துக்கொண்டால் பயம் உறுதிப்படும். ‘எனக்கு அப்படித் தெரியலைங்க தம்பி. ஆனா நீங்க ராத்திரியெல்லாம் தூங்காம பயந்துட்டு இருக்கறீங்க, அது பார்க்கவே கஷ்டமா இருக்குது. தூக்கத்துக்கு மட்டும் ஒருக்கா டாக்டரைப் பார்த்துட்டு வந்தரலாமா?’ இப்படிச் சொல்லிப் பாருங்கள். நோயை ஒத்துக்கொள்ளாதவர்கூடத் தூக்கம் வரவில்லை என்பதை ஒத்துக்கொள்வார். அது உண்மையும்கூட. ஏமாற்றிக் கூட்டிப் போகிற பாவமும் இல்லை. ‘பழனிக்குப் போலாம் வா’ என்று வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவது மட்டும் கூடாது.

தறிக்குடோன் விசயத்துக்கு வருகிறேன். 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு வினோதத்தைக் கவனித்தார். மனநல மருத்துவமனையிலிருந்து தெளிந்து போனவர்களில், தனியாக அறை எடுத்துத் தங்கியவர்களைவிடப் பெற்றோரோடும் மனைவியோடும் இருக்கப் போனவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. பாசம் நோயாக்கியதா என்று குழம்பாதீர்கள். தொடர்ந்து ஆராய்ந்தபோது, ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைத்தல் இவற்றில் ஏதாவது ஒன்று அதிகமாக இருக்கிற வீடுகளில்தான் அப்படி நடந்தது என்று தெரிந்தது. அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தால் பாதிப்பு இன்னும் கூடியது. உங்கள் வீட்டைக் கணக்குப் போடுங்கள். வீடும் குடோனும் ஒரே காம்பவுண்டு. எழுந்தது முதல் மாமனார் கண் முன்னால். ‘இன்ஜினியர் படிச்சுட்டு வெட்டியா நிக்கறான்’ என்ற பேச்சு ஒரு பக்கம், ‘சாமி சாப்பிட்டயா, சாமி எங்க போற’ என்று அத்தை பின்னாலேயே நடப்பது ஒரு பக்கம். வாரத்துக்கு 35 மணி என்பது உங்கள் வீட்டில் மூன்றே நாளில் முடிந்துவிடும்.

அதனால் ஆளை வெளியூர் அனுப்பச் சொல்லவில்லை. பகலில் சில மணி நேரம் தோட்டத்தில் அவருக்கென்று ஒரு வேலை, யாரும் மேற்பார்வை பார்க்காத மாதிரி, சொட்டுநீர்க் குழாய் பார்ப்பதோ ஆடு பார்ப்பதோ எதுவானாலும். நைட் ஷிப்டில் தறி ஓட்ட விடவே கூடாது; தூக்கம் கெட்டால் இந்த நோய் கிளம்பும். தறிச் சத்தம் பற்றியும் ஒன்று. ஓடுகிற மெஷின் சத்தத்துக்குள்ளேயே சிலருக்குப் பேச்சுக் குரல் கேட்கும், தறி நின்றால் குரலும் நிற்கும். இவருக்கு அப்படி இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ராத்திரி குடோனைச் சுற்றி நடப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். படுக்கையைக் குடோன் சுவரை ஒட்டிய அறையில் இருந்து மாற்றுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. தெளிவு வர வர, தார் (ஊடை நூல்) சுற்றுவது, கணக்கு எழுதுவது என்று பகல் வேலையாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

தறிக்காரர் ஒருவர் வீட்டில் நான் பார்த்த ஏற்பாடு ஒன்று. தினசரிக் காலண்டரில் அடுத்த ஒரு மாசத்துத் தாள் ஒவ்வொன்றிலும் அன்றைய மாத்திரையைச் சின்னக் காகிதப் பொட்டலமாகப் பின் அடித்து வைத்திருந்தார்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மகனே தாளைக் கிழித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பொட்டலத்தைக் கசக்கி எறிவான். ‘மாத்திரை போட்டயா’ என்று ஒருவரும் கேட்பதில்லை. காலையில் எழுந்து காலண்டரைப் பார்த்தால் போதும். கேள்வி ஒன்று குறைந்ததில் அப்பனுக்கும் மகனுக்கும் பேச வேறு விசயம் கிடைத்தது. உங்கள் வீட்டில் சின்னப் பையன் இருப்பதால் காலண்டரைக் கைக்கெட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கல்யாணம். நம் பக்கத்தில் பெண் கிடைப்பது எவ்வளவு சிரமம், புரோக்கர்கள் பாலக்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் அலைகிற கதை எல்லாம் எனக்கும் தெரியும். கிடைத்த சம்பந்தத்தை விட மனசு வராது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பாஷை முழுசாகப் பிடிபடாத, பக்கத்தில் பிறந்த வீடு இல்லாத ஒரு பெண், ராத்திரி இரண்டு மணிக்குக் குடோனைச் சுற்றி நடக்கிற புருசனோடு முதல் வாரத்தைக் கழிக்கப் போகிறாள். மாத்திரை அவள் கண்ணில் படக் கூடாது என்று இவரே அதை நிறுத்துவார். கல்யாண அலைச்சல், உறக்கமில்லாமை, புதுப் பொறுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் விழும். அறுந்த இழையைப் பிணைக்காமல் தறியை ஓட விட்டால் துணி என்ன ஆகும் என்று உங்கள் மாமனாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் இந்த நோய்க்கு மருந்து என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

சட்டமும் சும்மா இருக்காது. 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டப்படி, முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கியிருந்தால், தெரியவந்த ஒரு வருசத்துக்குள் அந்தப் பெண் நீதிமன்றம் போய்க் கல்யாணத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். மானம் போய்விடும் என்று மறைக்கிறார்களே, அது கோர்ட்டுப் படியேறிப் போகும்.

இந்த நோய் உள்ளவர்களுக்குக் கல்யாணமே கூடாதென்று நான் சொல்லவில்லை. மருந்தை விடாமல், நல்லபடியாகத் தூங்கி, ஒரு வேலையில் நிலைத்து, தெளிவாக ஒரு வருசத்துக்கு மேல் ஓட்டியவர்கள், பெண்ணிடம் நேருக்கு நேர் சொல்லி, அவள் மருத்துவரைச் சந்தித்துக் கேள்வி கேட்டுச் சம்மதித்து, நன்றாகக் குடும்பம் நடத்துகிறார்கள். அந்தக் கட்டத்தில் முடிவு உங்கள் கொழுந்தனாருடையது, அந்தப் பெண்ணுடையது. இப்போது நிச்சயத்தைத் தள்ளிப்போட வேண்டும். பெண் வீட்டாருக்கு முழு விவரமும் சொல்ல வேண்டும் என்பதில்லை. ‘பையனுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் முடியட்டும், உங்களைக் காக்க வைக்க மாட்டோம், வேற இடம் பாருங்க’ என்றால் போதும். ஊர்க்காரர்கள் கேட்டால் குரு பலம் இல்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள். அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை.

உங்கள் வீட்டில் எல்லோரும் இதைத்தான் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. (சொல்லாவிட்டாலும் பாதி ஊருக்குத் தெரியும். தறி ஓட்டுகிற ஆளுக்குத் தெரியும், பால் ஊற்றுகிறவருக்குத் தெரியும்.) தெரிந்தே ஆக வேண்டியவர்கள் சிலர்தான்: என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்று நோயாளிக்கு, என்ன நடக்கிறது என்று மருத்துவருக்கு, யாரைக் கட்டப் போகிறோம் என்று பெண்ணுக்கு. அப்புறம், நடுராத்திரியில் கூப்பிட்டால் வந்து நிற்கிற இரண்டு சொந்தக்காரர்களுக்கு. இப்போது உங்கள் வீட்டில் இந்த நாலு இடத்திலும்தான் மூடி வைத்திருக்கிறீர்கள். அந்த மூடியைப் பிடித்துக்கொண்டிருக்கிற கை உங்களுடையது.

இரண்டு சொந்தக்காரர்களில் ஒருவர் கொழுந்தனாருடைய தாய்மாமனாக இருந்தால் நல்லது. நம் வழக்கத்தில் மாமன் பேச்சுக்கு எடை அதிகம். அத்தை தன் தம்பி சொன்னால் கேட்பார், மருமகள் சொன்னால் கேட்க மாட்டார். இன்னொருவர் உங்களுக்கான ஆளாக இருக்க வேண்டும். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். புகுந்த வீட்டைக் காட்டிக் கொடுப்பதாக நினைக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது பையனைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வாருங்கள்.

‘நீ வாயைத் திறக்காதே’ என்கிற உங்கள் கணவரிடம் எனக்குச் சண்டை இல்லை. தம்பி என்கிற வலி அது. ஆனால் அவரிடம் நான் சொல்வது ஒன்று உண்டு. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்துக்குள் கூடாரம் போட்டுத் தங்க வைத்து, அவர்களையும் சேர்த்தே வைத்தியம் பார்த்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குகிற பழக்கம் அந்தக் காலத்தில் இருந்தே உண்டு. குடும்பத்தை வைத்தியத்துக்குள் கொண்டுவருவது நம் நாட்டு மருத்துவத்தில் புதுசு இல்லை. கலந்து கொடுக்க மட்டும் மனைவி வேண்டும், பேச வேண்டாம் என்றால் எப்படி?

எங்கே போவது? தனியார் மருத்துவரிடமே திரும்பப் போகலாம், பழைய விவரம் அவரிடம் இருக்கும். செலவு கட்டுப்படியாகாவிட்டால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதில் தயக்கம் வேண்டாம். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 1997-இல் திருச்சியில் ஆரம்பித்து இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறித்த நாளில் வரும். காங்கேயம் அரசு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். மாத்திரை இலவசம். சமூகப் பணியாளரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். வீட்டாரின் கஷ்டத்தைக் கேட்பதும் அவர்கள் வேலைதான். இப்படிப்பட்ட குடும்பங்கள் கூடிப் பேசுகிற கூட்டம் ஏதாவது நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். வேறொரு வீட்டு அம்மா ‘எங்க வீட்லயும் இப்படித்தானுங்க’ என்று சொல்லக் கேட்டால், நான் இங்கே எழுதுவதைவிட உங்கள் அத்தைக்கு நன்றாக உறைக்கும்.

14416 என்ற எண்ணையும் போனில் பதிந்து வையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை. காசில்லை, இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசுவார்கள். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, அண்ணியும் பேசலாம். பையன் தூங்கினபின் மாடிக்குப் போய்க் கூப்பிட்டுப் பாருங்கள்.

கோயிலை விடச் சொல்ல மாட்டேன். குணசீலத்திலேயே கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. பூசையும் மாத்திரையும் ஒரே வீட்டில் இருக்கலாம். கட்டிப் போடுவதுதான் ஆகாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி தர்கா பக்கத்தில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ளவர்களைச் சங்கிலியில் பிணைப்பதை எந்த வகையிலும் கூடாதென்று தடுக்கிறது. மாமனார் பயத்தில் செய்திருப்பார். அந்த ராத்திரியைப் பற்றி அவர் ஒரு தடவை, ‘தப்பாப் போச்சு கண்ணு, பயந்துட்டேன்’ என்று மகனிடம் சொன்னால் பல நாள் வைத்தியத்துக்குச் சமம். சொல்வாரா என்பது வேறு.

உங்கள் கொழுந்தனார் ஒரேயடியாக மறுத்து, தனக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்தாகிற நிலை வந்தால், அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அவர் சார்பில் நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்து, மனநல மருத்துவர் உள்ளிட்ட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்துச் சரியென்றால் 30 நாள் வரை சேர்த்துச் சிகிச்சை தரலாம். அந்தப் பிரதிநிதி யார் என்பதைத் தெளிவாக இருக்கும்போது அவரே எழுதி வைக்கலாம். ரத்த சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அண்ணியையும் எழுதலாம். அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. ‘செத்துப் போலாம்’ என்ற பேச்சோ, குரல்கள் அப்படிச் சொல்கின்றன என்ற பேச்சோ வந்தால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இன்றைக்கே செய்ய வேண்டியது, தோட்டத்துப் பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் வீட்டை விட்டு எடுத்து, மாமன் வீட்டிலோ பூட்டுள்ள வேறு இடத்திலோ வைப்பது. சாவி வீட்டில் இருக்கக் கூடாது.

உதவித்தொகைக்கு இப்போது ஓட வேண்டாம். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர்கள் அளவிட்டுச் சான்று தந்தால் அட்டையும் சலுகைகளும் உண்டு. நோய் எவ்வளவு காலம் இருந்தது என்பதும் அந்த அளவீட்டில் வரும். இவர் முதலில் ஒழுங்கான வைத்தியத்தில் இருக்கட்டும். வேலைக்கே திரும்பப் போய்விடலாம். தேவைப்பட்டால் பின்னால் திருப்பூர் கலெக்டர் ஆபீசில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

உங்கள் பையனுக்கு வருமா என்ற கேள்விக்கு: ரத்தத்தில் ஓரளவு தொடர்பு உண்டு, ஆனால் சித்தப்பாவுக்கு இருப்பதால் பையனுக்குக் கூடுவது கொஞ்சம்தான். இப்படி உறவு உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை. வளர்ந்தபின் கஞ்சாப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. இப்போதைக்கு அவனிடம், ‘சித்தப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வரலை, டாக்டர் மருந்து கொடுப்பாங்க’ என்று சொன்னால் போதும்.

முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய சீட்டு, காலியான மாத்திரை அட்டைகள், ஆதார் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாசம் ஆரம்பித்தது, எப்போது மருந்து நின்றது, இப்போது காபியில் எது எவ்வளவு கலக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அங்கே கூட்டத்தில் நின்றால் பாதி மறந்துவிடும். மாத்திரை ஆரம்பித்தால் என்ன தொந்தரவு வரும், வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தறியை ஒரு ஷிப்ட் நிறுத்திவிட்டு உங்கள் கணவரும் வரட்டும். வரமாட்டேன் என்றால் மாமனை அழைத்துக்கொண்டு போங்கள், நாளைத் தள்ளிப் போட வேண்டாம்.